டெலோமியரை அளக்க ஓட வேண்டாம், ஓடினாலே போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பயிற்சி செய்தால் டெலோமியர் (குரோமோசோம்களின் முனைப் பகுதி) நீளும், டெலோமியர் நீண்டால் வயது குறையும் என்ற பொருளில் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அதன் முதல் பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதி தவறு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வாசகர் நடக்கக் கிளம்புவதற்குப் பதிலாக ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் கிளம்பிவிடக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம். உடற்பயிற்சி உடலியலைக் கற்பிப்பவர்கள், பயிற்சித் திட்டம் வகுத்துக் கொடுப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: உடற்பயிற்சி செல்களின் மூப்பைத் தொடவே செய்கிறது, அந்தப் பலனை டெலோமியர் நீளத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மனித செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள், ஆக 92 முனைகள். ஒவ்வொரு முனையிலும் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற, டி.என்.ஏ.வின் ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. அந்தப் பகுதிதான் டெலோமியர். செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியால் இழையின் கடைசி நுனிவரை போக முடியாது. எனவே ஒவ்வொரு பிரிதலிலும் கொஞ்சம் விட்டுப்போகும். ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்களில் இந்த இழப்பு பிரிதலுக்கு 50 முதல் 200 எழுத்துகள். சாதாரண மனித செல் 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று லியோனார்ட் ஹேஃப்லிக் 1961இல் காட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது பிற்பாடுதான் புரிந்தது. எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் 1984இல் டெலோமரேஸ் என்ற நொதியைக் கண்டார்கள். குறைந்துபோன முனையை மீண்டும் நீட்டுவது அது. 2009ஆம் ஆண்டு நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் கிடைத்தது.

டெலோமியரை ஷூ லேஸின் பிளாஸ்டிக் நுனியோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. தங்கள் கட்டுரையும் அதையே சொன்னது. பாதிக் குழப்பம் அந்த உவமையில்தான் தொடங்குகிறது. லேஸ் நுனி தேய மட்டுமே செய்யும். டெலோமியரோ தேய்கிறது, சில வகை செல்களில் திரும்ப வளர்கிறது, ஷெல்டரின் எனப்படும் ஆறு புரதங்களின் கூட்டு அதை வளைத்து மடித்து மறைத்தும் வைக்கிறது. இந்த மறைப்புக் கலைந்தால் செல் அந்த முனையை ‘அறுந்த டி.என்.ஏ.’ என்று எடுத்துக்கொண்டு பிரிவதை நிறுத்திவிடும். 92 முனைகளின் சராசரி நீளம் எவ்வளவு என்பதைவிட, மிகக் குட்டையாகிப்போன சில முனைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே இதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பரிசோதனைக் கூடம் கையில் கொடுக்கும் எண் சராசரி. அது இந்தக் குட்டை முனைகளைக் காட்டாது.

செல் பிரிவது மட்டுமே இழப்புக்குக் காரணமல்ல. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஆக்ஸிஜனேற்றத்துக்கு மிக எளிதில் ஆளாவது ஜி எனப்படும் குவானின். மூன்று ஜி அடுத்தடுத்து நிற்கும் டெலோமியர் அதனாலேயே சேதத்துக்கு இலக்காகிறது. அங்கே விழும் முறிவுகள் சீராவதும் மெதுவாகத்தான். புகைப்பழக்கம், நாள்பட்ட அழற்சி, கட்டுப்படாத ரத்தச் சர்க்கரை, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு எல்லாம் இந்த வழியில் வேலை செய்கின்றன. அழற்சி இருந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் அடிக்கடி பிரிய வேண்டியும் வருகிறது. இழப்பு இரண்டு பக்கமும் கூடுகிறது. உடற்பயிற்சி குறுக்கிடும் இடமும் இதுவே.

உடற்பயிற்சி செய்பவருக்குப் ‘பத்து வயது இளமை’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2008இல் பிரிட்டனில் 2,401 இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. ஓய்வு நேரத்தில் வாரத்துக்குச் சராசரியாக 199 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட்டவர்களின் வெள்ளையணு டெலோமியர், 16 நிமிடம் மட்டும் ஈடுபட்டவர்களுடையதைவிட சுமார் 200 எழுத்துகள் நீளம். ஆண்டுக்கு சுமார் 20 எழுத்துகள் குறைகின்றன என்பதால் 200ஐ 20ஆல் வகுத்துப் பத்து ஆண்டுகள் என்றார்கள். வகுத்தலில் பிழையில்லை. ஆனால் ஒரே வயதுள்ள இருவருக்கு இடையே பிறக்கும்போதே ஆயிரக்கணக்கான எழுத்துகள் வேறுபாடு இருக்கக்கூடும், அதில் பெரும்பங்கு பரம்பரை. அந்தப் பரவலுக்குள் 200 என்பது கூட்டத்தின் சராசரியில் தெரியும். தனியொருவரின் அறிக்கையில் தெரியாது. தவிர, இது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு. நோயால் நடக்க முடியாமல் போனவரும் ‘உடற்பயிற்சி செய்யாதவர்’ பட்டியலில்தான் இருப்பார். புகைப்பழக்கத்தையும் எடையையும் அந்த ஆய்வாளர்கள் கணக்கிலிருந்து கழித்தார்கள், நல்லது. கழிக்க முடியாதவை எப்போதும் மிச்சமிருக்கும்.

இதைவிட வலுவான சான்று, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பயிற்சி கொடுத்த ஆய்வுகள். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2019இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வெளியிட்டது அவற்றில் முக்கியமானது. அதுவரை பயிற்சியில்லாத, ஆரோக்கியமான 124 பேர் ஆறு மாதத்தை முடித்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம். ஒரு குழுவுக்குத் தொடர் ஓட்டம், ஒரு குழுவுக்கு இடைவெளிவிட்டு வேகமாக ஓடும் பயிற்சி, ஒரு குழுவுக்கு எட்டுக் கருவிகளில் எடைப் பயிற்சி, ஒரு குழு பழையபடியே. ஓடிய இரு குழுக்களிலும் வெள்ளையணுக்களின் டெலோமரேஸ் செயல்பாடு இரண்டு மூன்று மடங்கு உயர்ந்தது, டெலோமியரும் சற்றே நீண்டது. எடைப் பயிற்சிக் குழுவில் இந்த மாற்றம் இல்லை. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில், மறதிநோய் உள்ள குடும்பத்தினரைப் பராமரிப்பவர்கள் 24 வாரம், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை, 40 நிமிடம் பயிற்சி செய்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்களின் டெலோமியர் நீளம் கூடியது. மன அழுத்தமும் குறைந்தது. எங்களைக் கேட்டால் அதுவே பெரிய செய்தி.

ஆக, ஓட்டம் போன்ற தாங்குதிறன் பயிற்சி டெலோமரேஸைத் தூண்டுகிறது என்பதற்கு நியாயமான சான்று உண்டு. அப்படியானால் ஏன் பரிசோதனை வேண்டாம் என்கிறோம்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நடுவயதில் வெள்ளையணு டெலோமியரின் நீளம் சுமார் 7,000 எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 25 எழுத்துகள் குறைந்தால் அது 0.36 சதவீதம். டெலோமியரை அளக்கும் பிசிஆர் என்ற ஆய்வக முறை ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை அளந்தாலே 5 சதவீதம் வித்தியாசம் காட்டுவது சாதாரணம்; சில கூடங்களில் அதற்கு மேலும் போகும். 7,000இல் 5 சதவீதம் 350 எழுத்துகள், அதாவது பதினான்கு ஆண்டுத் தேய்மானம். சதர்ன் பிளாட் என்ற பழைய முறையில் பிழை சுமார் 2 சதவீதம். அதுவே ஐந்தாறு ஆண்டுக்குச் சமம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஆறு மாத நடைப்பயிற்சியின் பலனை ஒருவரிடம் அளப்பது நடக்காத காரியம்.

இன்னொரு கோளாறு இதைவிட நுட்பமானது. முதல் பரிசோதனையில் தற்செயலாகக் குறைவாக வந்த எண், அடுத்த முறை தானாகவே கூடி வரும். கூடுதலாக வந்தது குறைந்து வரும். எதுவுமே செய்யாமல் இருந்தாலும் இது நடக்கும். ‘உங்கள் டெலோமியர் குட்டை’ என்று பயமுறுத்தி, மாத்திரை கொடுத்து, ஆறு மாதத்தில் ‘பாருங்கள், நீண்டுவிட்டது’ என்று காட்டும் வியாபாரம் இந்தப் புள்ளியியல் ஆட்டத்தில் உயிர் வாழ்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ‘முன்–பின்’ முடிவையும் நம்பாதீர்கள்.

ரத்தம் எப்போது எடுக்கப்பட்டது என்பதும் விடையை மாற்றும். வெள்ளையணு என்பது ஒரே வகை செல் அல்ல. அதில் பலமுறை பிரிந்து முதிர்ந்த ‘நினைவு டி செல்’ என்ற வகையின் டெலோமியர் குட்டையாகவும், ‘பி செல்’ என்ற வகையுடையது அவற்றைவிட நீளமாகவும் இருக்கும். கடுமையாக ஓடும்போது அட்ரினலின் தூண்டி முதிர்ந்த செல்கள் கூட்டமாக ரத்தத்துக்குள் இறங்குகின்றன. ஓட்டம் நின்று ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் லிம்போசைட் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கை பழைய அளவைவிடக் கீழே போய்விடுகிறது. ஒரு டெலோமியர்கூட நீளாமல், குட்டையாகாமல், கலவை மாறியதாலேயே சராசரி ஏறும், இறங்கும். சளிக்காய்ச்சலும் இதையே செய்யும். மேலே சொன்ன ஜெர்மானிய ஆய்வில் கடைசிப் பயிற்சிக்குப் பின் இரண்டு முதல் ஏழு நாள் கழித்தே ரத்தம் எடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படிச் செய்தும்கூட, ஆறு மாதத்தில் ‘நீண்டதில்’ எவ்வளவு உண்மையான நீட்சி, எவ்வளவு கலவை மாற்றம் என்ற கேள்வி முழுதாகத் தீரவில்லை.

நீளமும் இளமையும் ஒன்றல்ல என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2015–16இல் 340 நாள் விண்வெளி நிலையத்தில் இருந்தார். அங்கே அவருடைய வெள்ளையணு டெலோமியர் நீண்டது. பூமிக்கு இறங்கிய சில நாட்களுக்குள் மீண்டும் குறைந்துவிட்டது. குட்டை முனைகளின் எண்ணிக்கை புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடியிருந்தது. எலும்பும் தசையும் தேயும், கதிர்வீச்சு படும் ஓரிடத்தில் ஒருவர் இளமையானார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆய்வக எலிகளின் டெலோமியர் மனிதர்களுடையதைவிடப் பல மடங்கு நீளம். அவை வாழ்வது இரண்டு மூன்று ஆண்டுகள்.

நீளம் கூடினால் நல்லது என்ற எண்ணமே ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். மிகக் குட்டையான டெலோமியரோடு பிறப்பவர்களுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழப்பும் நுரையீரல் தழும்பு நோயும் வருகின்றன, உண்மை. ஆனால் மரபுவழியில் டெலோமியர் நீளமாக அமைந்தவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று, மூளையின் கிளையோமா, ஒருவகை நுரையீரல் புற்று ஆகியவற்றின் வாய்ப்பு அதிகம் என்று பெருந்தொகை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. சுமார் 85 முதல் 90 சதவீதப் புற்றுநோய்களில் டெலோமரேஸ் விழித்துக்கொண்டிருக்கிறது. புற்று செல் சாகாமல் பிரிந்துகொண்டே போவது அதன் தயவால்தான். டெலோமரேஸைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கும் மாத்திரையை வாங்குபவர் இந்த இரண்டாம் பக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடற்பயிற்சியால் ஏற்படும் தூண்டலைப் பற்றி இந்தக் கவலை தேவையில்லை. பெருங்குடல், மார்பகம் உட்படப் பல புற்றுகளின் வாய்ப்பு பயிற்சி செய்பவர்களுக்குக் குறைவாகவே காணப்படுகிறது.

சரி, செல்லுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? தசை சுருங்கும்போது ஆற்றல் குறைகிறது. அதை உணர்ந்து ஏஎம்பிகே என்ற நொதி விழிக்கிறது. அது தூண்டிவிடும் புரதங்கள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உருவாக்கச் செய்கின்றன. அதே பாதையில் வரும் என்ஆர்எஃப்1 என்ற புரதம், டெலோமியரிலிருந்து டெர்ரா என்ற ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதையும் கூட்டுகிறது. டெலோமியர் காப்பில் டெர்ராவுக்குப் பங்குண்டு என்று கருதப்படுகிறது. 2016இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் 45 நிமிட சைக்கிள் பயிற்சிக்குப் பிறகு தசைத் துணுக்கில் இதை நேரில் கண்டார்கள். பயிற்சியின்போது செல்லைச் சேதப்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் வினைப்பொருள்கள் அதிகமாகத்தான் உண்டாகின்றன. அந்தச் சிறு அடி தொடர்ந்து விழுவதால் செல் தன் எதிர்ப்பு நொதிகளை உயர்த்திக்கொள்கிறது. இயங்கும் தசை வெளிவிடும் இன்டர்லூக்கின்–6 என்ற புரதம், அழற்சியை அடக்கும் வேறு பொருள்களை ரத்தத்தில் கூட்டுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் 2017இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தீவிர இடைவெளிப் பயிற்சிக்குப் பின் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் இளையவர்களிடம் 49 சதவீதமும் முதியவர்களிடம் 69 சதவீதமும் உயர்ந்தது.

எடைப் பயிற்சி வெள்ளையணு டெலோமியரை அசைக்கவில்லை என்றதும் அதை விட்டுவிடலாம் என்று நினைக்கும் வாசகர் இருந்தால், தயவுசெய்து நிற்கவும். முழு வளர்ச்சியடைந்த தசைநாரின் உட்கருக்கள் பிரிவதே இல்லை. எனவே டெலோமியர் அங்கே சரியான சாட்சியே அல்ல. 2007இல் வெளியான ஆய்வில், சராசரியாக 70 வயதானவர்கள் ஆறு மாதம் வாரம் இருமுறை எடைப் பயிற்சி செய்தார்கள். வயதால் மாறியிருந்த 179 மரபணுக்களின் செயல்பாடு இளையவர்களுடைய நிலையை நோக்கித் திரும்பியது. தொடக்கத்தில் இளையவர்களைவிட 59 சதவீதம் பலம் குறைந்திருந்தவர்கள், முடிவில் 38 சதவீதம்தான் குறைந்திருந்தார்கள்.

இனி நடைமுறை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரப் பயிற்சி என்கிறது. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது ‘மிதமான’ என்றால் எவ்வளவு என்பது. பேசிக்கொண்டே உலாத்துவதை ஒரு மணி நேரப் பயிற்சியாகக் கணக்கு வைத்துக்கொள்பவர்களே அதிகம்.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று நாள் சராசரி உங்கள் ஓய்வுத் துடிப்பு. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும். 60 வயதுக்காரருக்கு 208இல் 42 போக 166. அவருடைய ஓய்வுத் துடிப்பு 70 என்றால் இடையில் இருப்பு 96. இதில் 40 சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 108. 60 சதவீதத்தைக் கூட்டினால் 128. நிமிடத்துக்கு 108க்கும் 128க்கும் இடையே நாடி நின்றால் அது அவருக்கு மிதமான பயிற்சி. சூத்திரம் தரும் உச்சத் துடிப்பு பத்துத் துடிப்புவரை முன்னே பின்னே இருக்கலாம், ஆகவே மூச்சையும் கவனியுங்கள்: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி ஏறாது. அவர்கள் எண்ணை விட்டுவிட்டு மூச்சை மட்டும் நம்ப வேண்டும். எண்ணைத் துரத்தி வேகத்தைக் கூட்டுவது அவர்களுக்கு ஆபத்து. நாடி பிடிக்கத் தெரியாதவர் அடிகளை எண்ணலாம். நிமிடத்துக்கு 100 அடி வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது மிதமான நடை, 130ஐ எட்டினால் தீவிரம்.

முதல் வாரம் 20 நிமிடம், மூன்று நாள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஆறாம் வாரம் 45ஐத் தொடலாம். அதுவரை வேகத்தைத் தொட வேண்டாம். ஏனென்றால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் மாதக்கணக்கில்தான் பழகும். நான்காம் வாரத்தில் ‘இப்போது எளிதாக இருக்கிறதே’ என்று திடீரென வேகமெடுப்பவர்கள்தான் ஆறாம் வாரத்தில் குதிகால் நாணையோ முழங்காலையோ பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

இரண்டு மாத அடித்தளம் இருந்தால் வாரத்தில் ஒரு நாளை இடைவெளிப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். பரவலாக ஆய்வு செய்யப்பட்ட முறை நான்குக்கு நான்கு: பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுதல், நான்கு நிமிட வேகம் நான்கு முறை, நடுவே மூன்று நிமிடம் மெதுவாக, கடைசியில் பத்து நிமிடம் தணித்தல். மொத்தம் 45 நிமிடம். வேகப் பகுதியில் நாடி உச்சத்தின் 85 முதல் 95 சதவீதம், அதாவது நாம் எடுத்துக்கொண்ட 60 வயதுக்காரருக்கு 141 முதல் 158. இங்கே எல்லாரும் செய்யும் தவறு, முதல் நிமிடத்திலேயே நாடியைப் பார்த்துவிட்டு ‘ஏறவில்லையே’ என்று வேகத்தைக் கூட்டுவது. நாடி, வேகத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் பின்தங்கித்தான் வரும். மூன்றாம் நிமிடத்தில் அது இலக்கைத் தொட்டால் வேகம் சரி. நான்காம் சுற்றை முதல் சுற்றின் வேகத்தில் முடிக்க முடியவில்லை என்றால் தொடக்கம் தவறு.

எடைப் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாள், நடுவே 48 மணி நேர இடைவெளி. கால், இடுப்பு, முதுகு, மார்பு, தோள், கை என எட்டுப் பயிற்சிகள், ஒவ்வொன்றும் இரண்டு சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 முறை. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எடை போதாது. அடுத்தடுத்த இரண்டு நாள்களில் 12ஐ எளிதாக முடித்தால் எடையை 5 சதவீதம் கூட்டலாம். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென எகிறும்.

நெஞ்சு வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், தலைசுற்றல், படபடப்பு உள்ளவர்களும், ஓய்விலேயே ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருப்பவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கும் நீரிழிவுக்காரர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்து, 90க்குக் கீழே இருந்தால் மாவுச்சத்து ஏதேனும் சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும், தூக்கத்தில்கூட, சர்க்கரை இறங்கலாம்.

அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நீண்டநாள் களைப்பில் விழுந்த விளையாட்டு வீரர்களின் தசையில் டெலோமியர் மிகக் குட்டையாக இருந்ததை 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே சமயம், அதிதூர ஓட்டக்காரர்கள் பலரின் வெள்ளையணு டெலோமியர் நீளமாகவே இருந்தது என்றும் வேறு ஆய்வு சொல்கிறது. எங்கள் கருத்தில் தூரம் பிரச்சினையல்ல. தேறாமல் தொடர்வதே பிரச்சினை. காலை நாடி வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடி, தூக்கம் கெட்டு, அதே தூரம் இரண்டு வாரமாகக் கடினமாகவே இருந்தால் ஒரு வாரம் பாதியாகக் குறையுங்கள்.

நிறுத்தினால் இழப்பு வேகமாக வரும். 1966இல் டல்லஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆய்வு செய்தார்கள். அவர்களையே முப்பது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, அந்த மூன்று வாரம் அவர்களின் ஆக்ஸிஜன் பயன்படுத்தும் திறனைக் குறைத்த அளவுக்கு முப்பது ஆண்டு மூப்பு குறைக்கவில்லை என்று தெரிந்தது. டெலோமியரை நினைத்துக் கவலைப்படும் நேரத்தில் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளலாம்.

முன்னேற்றத்தை அளக்க ஆசைப்படுபவர்களுக்கு ரத்தம் தேவையில்லை. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14க்கும் பெண் 12க்கும் கீழே இருந்தால் சராசரிக்குக் குறைவு. நான்கு மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க ஐந்து விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைப்பலம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவையும் ஓய்வுத் துடிப்பும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வைத்தால் போதும். இவற்றில் வரும் மாற்றம் அளவுப் பிழையைவிடப் பெரியது.

மாத்திரைகளைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. ‘டெலோமியரைக் காக்க’ என்று வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பயிற்சியோடு சேர்த்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். 2009இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில் நாளுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி–யும் 400 அலகு வைட்டமின் ஈ–யும் எடுத்தவர்களுக்கு, நான்கு வாரப் பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் உணர்திறன் உயர்வு வரவில்லை. எடுக்காதவர்களுக்கு வந்தது. காரணம் முன்பே சொன்னதுதான்: அந்தச் சிறு ஆக்ஸிஜனேற்ற அடி விழுந்தால்தான் செல் தன் காப்பை உயர்த்தும், மாத்திரை அந்த அடியையே மழுக்கிவிடுகிறது. வைட்டமின் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது வேறு கணக்கு. உணவிலிருந்து வரும் அளவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

டெலோமியர் பற்றி அடுத்த ஆய்வு வரும்போது தாங்கள் செய்தி வெளியிடுவீர்கள், வெளியிடவும் வேண்டும். அப்போது எந்த வகை செல்லில் அளந்தார்கள், எந்த முறையில் அளந்தார்கள், கடைசிப் பயிற்சிக்கு எத்தனை நாள் கழித்து ரத்தம் எடுத்தார்கள், ஒப்பிட ஒரு குழு இருந்ததா என்ற நான்கையும் செய்தியாளர் கேட்டு எழுத வேண்டுகிறோம். நான்கு வரிதான் கூடும். அந்த நான்குக்கும் விடை கிடைக்கவில்லை என்றால் ‘வயது குறையும்’ என்ற சொல்லைத் தலைப்பில் போடாமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
உடற்பயிற்சி உடலியல் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும்